ஆயாக் கொட்டகைக் கீரையும் பதினோரு வாத்துகளும்

போன வாரம் கோலசிலாங்கூர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். வாங்கப் போனது ஒரு வாளி. பேச்சுவாக்கில், வீட்டு வாசலில் பழைய பெயிண்ட் வாளிகளில் போட்டிருக்கும் தண்டுக்கீரையை நத்தை தின்றுவிடுகிறது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே நீல நிறத்தில் பொடிப்பொடியாக உருண்டைகள்.

"ரெண்டு நாள் லா அக்கா. ஒரு நத்தை மிஞ்சாது" என்றார்.

வாயைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். தவிட்டு வாசம், கூடவே லேசான இனிப்பு. சின்னப் பிள்ளைக்கு மிட்டாயாகத் தெரியுமே, நாய்க்கு பிஸ்கட்டாக மணக்குமே என்று நினைத்ததும் என் கை தானாகப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டது. அதோடு விட்டேனா? கடைக்குப் பின்னால் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போய், இரண்டு கைகளையும் முழங்கைவரை கழுவிவிட்டு வந்தேன். பொட்டலத்தைத் தொட்டதற்கு இத்தனை அமர்க்களமா என்று கடைக்காரர் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. நாற்பது வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் பயந்த பிறவி. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். பேருந்தில் ஏறினால் இது சரியான பேருந்துதானா என்று டிரைவரையும் கேட்பேன், பக்கத்தில் இருப்பவரையும் கேட்பேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால், சேர்ந்து பொய் சொல்கிறார்களோ என்று யோசிப்பேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். படித்தவர்களுக்கு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே பிரித்துச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. நான் பாதியில் வந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்.

ஆனால் இப்படிப்பட்ட ஒருத்திக்கு ஏற்ற வேலை ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது.

எண்பதுகளின் நடுவில், ஜெராமிலிருந்து செம்மண் சடக்குப் பாதையில் உள்ளே போனால் வரும், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஒன்றில் எனக்கு ஆயாக் கொட்டகை வேலை கிடைத்தது. ஆயாக் கொட்டகை என்றால், வேலைக்காட்டுக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். முன்பிருந்த ஆயா கண் தெரியாமல் போய், பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்கள்கூட முதல் நாளிலிருந்தே என்னை "ஆயா" என்றுதான் கூப்பிட்டார்கள். "ஆயா, எம்புள்ளைக்குச் சளி. ஆயா, தலைய நனைக்காத." கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண்ணை ஊரே ஆயா ஆயா என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அதற்கு வேறு கொஞ்ச நாள் கவலைப்பட்டேன்.

கடைசி லயத்து வீட்டு வரிசைக்கும் செம்பனை மரங்களுக்கும் இடையில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக அந்தக் கொட்டகை. குறுக்கு மரத்தில் வரிசையாகத் தொங்கும் சாரோங் ஏணைகள் பதினான்கு. உள்ளே நுழைந்தால் பால் மாவு, வேப்பெண்ணெய், மூத்திரம், வெயிலில் காய்ந்த துணி எல்லாம் சேர்ந்து ஒரே வாசமாக வரும். இன்றைக்கும் புதுப் பால்மாவு டின்னைத் திறந்தால் எனக்கு அந்த ஏணைகள் ஆடும் கிறீச் சத்தம் காதில் விழுகிறது.

விடியுமுன்னே பெரட்டு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். அதற்கு முன்னால் தாய்மார்கள் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் ஏணைகளில் இறக்கிவிட்டுப் போவார்கள். பெரும்பாலானவர்களுக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனை மரங்களைச் சுற்றியுள்ள புல்லுக்கு மருந்து அடிக்க வேண்டும். பத்து மணிக்கு, தாய்மார்கள் பிள்ளையைப் பார்க்க ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்கு வருவார்கள். அவர்கள் வருமுன்னே அந்த வாடை வந்துவிடும். மூக்கைப் பிடித்து உள்ளே இழுப்பதுபோல் ஒரு நெடி.

அதைக் கண்டு நான் பயந்த பயம்! பம்பில் இருப்பது புல்லைக் கருக்குகிற மருந்து. அதே கையால் பிள்ளையைத் தூக்கினால்? பிள்ளை அந்த விரலை வாயில் வைத்தால்? என்னை யாரும் கேட்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நானாக ஒரு சட்டம் போட்டேன். கொட்டகைக்கு வெளியே சிமென்டுத் திட்டில் ஒரு குழாய் இருந்தது. மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் குழாயில் சவுக்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினால்தான் பிள்ளை கைக்கு வரும்.

"வந்துட்டா லா பெரிய டாக்டர்! கழுவிக் கழுவிக் கையே தேஞ்சி போச்சு, நாளைக்கு எதால பம்பப் புடிப்பேன்?" என்பார் காளியம்மா அக்கா. தோட்டத்தில் அவர் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. நான் அவர் பிள்ளையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இன்னும் முழங்கை பாக்கி இருக்குக்கா" என்பேன். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போவேன். ஆனால் பிள்ளையைத் தரமாட்டேன். பயந்தவர்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா?

மருந்தடிப்பவர்களில் லெட்சுமி அக்கா மட்டும் எதுவும் பேசாமல் கழுவுவார். அவருக்கு ஒரே பெண், மல்லிகா. இரண்டரை வயது. குச்சி மாதிரி இருப்பாள். எதைக் கொடுத்தாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள் என் சாப்பாட்டிலிருந்த கீரையை மசித்து, பருப்புத் தண்ணீர் விட்டுக் கஞ்சியில் குழைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தை வழித்துவிட்டு என் விரலையும் சப்பினாள். லெட்சுமி அக்காவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுநாள் பலகை இடுக்கு வழியாக நின்று பார்த்தார். பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று சாயந்திரம் ஒரு தாளில் மடித்து, கீரை விதையும் வெண்டை விதையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

கொட்டகைக்குப் பின்னால் பாத்தி போட்டது அப்படித்தான். தண்டுக்கீரை மூன்று பாத்தி, வெண்டை ஒரு வரிசை, கம்பி வேலியில் பயற்றங்காய், மூலையில் ஒரு பரங்கிக் கொடி. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் கொத்துவேன். நடுக்கொத்தில் யாராவது அழுதால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். அம்மா சொல்லிப் படிப்பை விட்டேன், அப்பா சொல்லி வேலைக்கு வந்தேன். யாரும் சொல்லாமல் நானாகச் செய்த முதல் காரியம் அந்த நாலு பாத்திதான். இரண்டு மாதத்தில் பதினான்கு பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சியிலும் பச்சை தெரிந்தது. மல்லிகாவின் கன்னத்தில் கிள்ளுகிற அளவுக்குச் சதை வந்தது. ஒருநாள் நான் பார்க்காத நேரத்தில் கிள்ளியும் பார்த்தார் காளியம்மா அக்கா. பிள்ளை அலறிய அலறலில் தெரிந்துகொண்டேன்.

பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெண்டையில் பேன் மாதிரி ஒட்டிக்கொள்ளும் பூச்சிக்குச் சவுக்காரத் தண்ணீர் தெளித்தேன். கீரைப் புழுவைக் கையால் பொறுக்கினேன். ஸ்டோரில் வேலை செய்த ஒருவர், "நம்மகிட்ட இல்லாத மருந்தா? ஒரு சோயா போத்தல்ல ஊத்தித் தர்றேன், ஒரே அடி" என்றார். தோட்டத்தில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். காட்டுக்கு அடிக்கிற மருந்தையே கொஞ்சம் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து வீட்டுச் செடிக்கும் அடிப்பார்கள். மருந்து என்ற பேர்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். செடிக்கு நோய், இது மருந்து, அவ்வளவுதானே? அவர் போத்தலை நீட்டியபோது நான் இரண்டடி பின்னால் போய் ஒரு பிள்ளையின் காலை மிதித்துவிட்டேன்.

சவுக்காரத் தண்ணீருக்கு அடங்காத ஒன்று வந்தது. நத்தை. ஜெராம் பக்கம் கடலோர மண், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதும் என் உள்ளங்கை அளவு நத்தைகள் சாக்கடையிலிருந்து ஊர்வலமாக வந்தன. காலையில் பார்த்தால் கீரையில் தண்டு மட்டும் நிற்கும். அடுப்புச் சாம்பலைப் பாத்தி சுற்றிப் போட்டேன், மழை கரைத்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி மழை. மேகம் கறுத்தாலே சாம்பல் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை தோட்டத்து டிரசர் கொட்டகைக்கு வருவார். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஊசி போடுகிறவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் டார்ச் லைட், பிள்ளைகளின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். அந்தத் திங்கட்கிழமை மல்லிகா வாயில் எதையோ அதக்கிக்கொண்டு நின்றாள். "என்னாம்மா சாப்புடுற? ஆ காட்டு" என்றார். அவள் காட்டினாள். ஒரு நத்தைக் குஞ்சு, ஓட்டோடு.

டிரசர் அதை எடுத்து எறிந்தார். அவள் வாயைக் கழுவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நத்தையில கிருமி இருக்கு, தெரியுமா தெரியாதா? எங்கேருந்து வருது இது?"

பின்னால் கூட்டிப்போய்க் காட்டினேன். பொய் சொல்லவும் பயம்.

"இத யாரு போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"நல்லா இருக்கு. ரெண்டு வாரம் டைம். அடுத்த தடவ வருவேன். ஒரு நத்தை என் கண்ணுல பட்டாலும் மருந்தடிச்சிக் கட்டாந்தரையாக்கிருவேன். புள்ளைங்க உசுரு முக்கியமா, ஒன் கீரை முக்கியமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்ததுதான் கொடுமை. அவரும் என்னைப் போலப் பயந்த மனிதர்தான். நான் மருந்துக்குப் பயந்தேன், அவர் நத்தைக்குப் பயந்தார்.

அன்று மல்லிகாவை அழைத்துப்போக வந்த லெட்சுமி அக்காவிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "கீரை இல்லன்னா இவ மறுபடி வாய மூடிக்குவா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வாத்து யோசனை சவரிமுத்து அண்ணனைப் பார்த்ததும் வந்தது. அவர் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி டிரைவர். கிறிஸ்துமஸ் சமயம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பதற்காகப் பதினோரு வாத்துகளை வளர்த்துவந்தார். அவர் வீட்டுப் பின்புறச் சாக்கடையில் மட்டும் நத்தையே இல்லை. அதை நான் எப்படிக் கவனித்தேன் என்கிறீர்களா? கவலைப்படுகிறவர்களுக்கு எல்லாம் கண்ணில் படும்.

"கடனா வாத்து கேக்குற மொத ஆளு நீதான் ஆயா" என்று சிரித்தார். "சரி, காலையில லோரி எடுக்கப் போறப்ப ஓட்டிட்டு வந்து விடுறேன். பதினொண்ணு. ஒண்ணு கொறைஞ்சாலும் கிறிஸ்மஸ்க்கு உன்னத்தான் கொழம்பு வைப்பேன், சொல்லிட்டேன். இன்னொண்ணு, அதுங்களுக்கு எதுவும் போட்டுறாத. வெறும் வயித்தோட எறங்கணும்."

கடைசியில் சொன்னதுதான் என்னால் முடியாமல் போனது. காலையில் பதினோரு வாத்துகளும் கழுத்தை நீட்டிக் கத்தின. எனக்கு ஏணையில் பசித்த பிள்ளைகள் கத்துவதுபோலவே கேட்டது. பழைய சோற்றில் ஒரு பிடி போட்டேன். பிறகு, பிடி போதுமா என்று இன்னொரு பிடி. வாத்துகள் சாப்பிட்டன, வெண்டை நிழலில் உட்கார்ந்தன, தூங்கின. எழுந்து, ஒரு மாறுதலுக்காக என் கீரைக் குருத்தைக் கொஞ்சம் கொறித்துவிட்டு மறுபடி தூங்கின. மூன்று நாளும் இதேதான். நத்தைகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போயின.

நாலாம் நாள் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னா இது, கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சி உக்காந்திருக்கிற மாமனாருங்க மாதிரி உக்காந்திருக்கு? என்னா போட்ட?"

"ஒண்ணும் போடலண்ணே."

அவர் ஒரு வாத்தின் இரைப்பையைத் தடவிப் பார்த்தார். "இது என்னா, நத்தையா? சோறு லா!"

"பசியில கத்துச்சிண்ணே…"

"கத்தத்தான் செய்யும். வாத்து வேற என்னா பாட்டா பாடும்?"

மறுநாளிலிருந்து சோற்றுப் பானைமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. முந்தின சாயந்திரமே பப்பாளி இலைகளைப் பறித்துப் பாத்தி ஓரமாகக் கவிழ்த்து வைப்பேன். பப்பாளி இலை என்றால் நத்தைக்கு உயிர். காலையில் இலையைத் தூக்கினால் அடியில் கும்பலாக இருக்கும். வாத்துகள் கத்திக்கொண்டே ஓடிவரும். பொடி நத்தையையும் மண்ணுக்குள் இருந்த முட்டையையும் அவை பார்த்துக்கொண்டன. பெரியவற்றை நான் குச்சியால் தள்ளி டின்னில் போட்டு வைப்பேன், அண்ணன் வந்து ஓட்டை உடைத்துப் போடுவார். உடைக்கும்போது நான் திரும்பிக்கொள்வேன். இளஞ்செடிகளை வாத்து மிதிக்காமல் இருக்க, அடியை வெட்டியெடுத்த பால்மாவு டின்களை ஒவ்வொன்றுக்கும் வளையமாகப் போட்டேன். கீரைப் பாத்தி பார்ப்பதற்கு டின் கடை மாதிரி இருந்தது. ஆனால் தளிர் விட்டது.

டிரசர் கொடுத்த கெடு முடிய நாலு நாள் இருந்தது. வியாழக்கிழமை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போனவர்களில் ஒருத்தி மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து, "ஆயா, சின்னையா மண்டோரு லெட்சுமியையும் காளியம்மாவையும் கொட்டகை பின்னாடி மருந்தடிக்கப் போட்டுட்டாரு. சனிக்கிழம பெரிய தொர வர்றாராம். அதுக்குள்ள சுத்தம் பண்ணணுமாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பாத்தியில் பதினோரு வாத்துகள். உள்ளே பதினான்கு பிள்ளைகள். நான் ஒருத்தி. வாத்தைப் பிடிக்கப் போனால் பிள்ளை படியில் விழும், பிள்ளையைப் பார்த்தால் வாத்துமேல் மருந்து விழும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

வெயில் ஏறுமுன்னே இருவரும் வந்துவிட்டார்கள். முதுகில் பம்பு, தலையில் துண்டு, கால்வரை இறங்கிய ஆண் சட்டை. அம்மாவைக் கண்டதும் மல்லிகா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாத்தி வழியாக ஓடினாள்.

"வராத! வராத பாப்பா! அம்மா மேல மருந்து!" லெட்சுமி அக்கா பதறிப் பின்னால் போனார். பிள்ளை நிற்கவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். அவள் என் தோளில் கிடந்து கத்தினாள். அக்கா எட்ட நின்று, கையைத் தூக்கிய மாதிரியே நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த மூன்று பாத்திக் கீரை.

அதைக் காட்டிக் கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஏன் ஆயா, இந்தக் கை பட்டா புள்ளைக்கு ஆவாதுன்னு தினம் மொழங்க வரைக்கும் கழுவச் சொல்ற. இப்ப இதையே அவ திங்கிற கீர மேல அடிச்சிட்டு, பத்து மணிக்கு வந்து நான் எதுக்குக் கழுவணும்?"

பதில் காளியம்மா அக்காவிடம் இருந்தது. பம்பை இறக்கி வைத்தார். மருந்து வருகிற குழலின் மூக்கைத் திருகிக் கழற்றினார். கீழே குனிந்து, பாத்தி மண்ணைக் கொஞ்சம் எடுத்து அதற்குள் வைத்து அடைத்தார். லெட்சுமி அக்காவுடையதையும் வாங்கி அதே மாதிரி செய்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மண்டோரே!" என்று கூப்பிட்ட குரல் ஆலைவரை கேட்டிருக்கும்.

சின்னையா மண்டோர் சைக்கிளில் வந்தார். பம்பை அழுத்திப் பார்த்தார். வரவில்லை. இன்னொன்றையும் அழுத்தினார்.

"ரெண்டு மூக்குமா ஒரே நேரத்துல அடைச்சிருக்கு?"

"மழைக் காலம் இல்லியா மண்டோரே, சளி புடிச்சிருக்கும்."

அவர் காளியம்மா அக்காவைப் பார்த்தார். மண் ஒட்டியிருந்த அவர் விரல்களைப் பார்த்தார். டின் வளையங்களையும் வாத்துகளையும் பார்த்தார். என் தோளில் விக்கிக்கொண்டிருந்த மல்லிகாவைக் கடைசியாகப் பார்த்தார்.

"இந்தா ஆயா, நா ஒண்ணும் பாக்கல. திங்கக்கெழம டிரசர் சொல்றதுதான் முடிவு. சனிக்கெழம தொர கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

துரைக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். சனிக்கிழமை துரையின் கார் கொட்டகைக்கு முன்னால் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் பட்ட கவலைகளில் முக்கால்வாசி இப்படித்தான், நிற்காமல் போன கார்கள். ஆனால் மிச்சக் கால்வாசி எது என்று முன்கூட்டித் தெரியாதே?

திங்கட்கிழமை டிரசர் வந்தார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தார். இலையைப் புரட்டினார், டின்னைத் தூக்கினார், சாக்கடை ஓரம் உட்கார்ந்து லைட் அடித்தார். நான் பின்னாலேயே போனேன். பத்து மணிக்குப் பிள்ளை பார்க்க வந்தவர்கள் குழாயடியிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் இல்லை. டிரசர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கொட்டகைப் படிக்கு அடியிலிருந்து மல்லிகா வெளியே வந்தாள். விரல் நுனியில், உடம்பை விட்டு எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டி, ஒரு நத்தையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் தேடாத ஒரே இடம் அந்தப் படிக்கு அடி.

காளியம்மா அக்காவே வாயைப் பொத்திக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா டிரசரைத் தாண்டிப் போனாள். பாத்தி ஓரத்திலிருந்த டின்னுக்குள் நத்தையைப் போட்டாள். "வாத்துக்கு" என்று அவரிடம் விவரம் சொன்னாள். அங்கிருந்து நேராகக் குழாயடிக்குப் போய், தாய்மார்களின் கால்களுக்கு நடுவில் புகுந்து, எட்டாத கல்லிலிருந்து சவுக்காரத்தை இழுத்துக் கீழே தள்ளி எடுத்தாள். இரண்டு கையிலும் தேய்த்தாள். அதோடு நிறுத்தவில்லை. அவளுடைய அம்மா தேய்ப்பதுபோலவே, முகத்தைச் சுளித்துக்கொண்டு, முழங்கையைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். தண்ணீரில் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி லெட்சுமி அக்காவிடம் வந்து நின்றாள்.

"கழுவிட்டேன். தூக்கு."

லெட்சுமி அக்கா அப்போதுதான் ஒரு கையில் சவுக்காரம் போட்டிருந்தார். மற்ற கையையும் அவசர அவசரமாகக் கழுவிவிட்டுத் தூக்கிக்கொண்டார்.

டிரசர் டார்ச் லைட்டை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார். பட்டப்பகலில் அது அதுவரை எரிந்துகொண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"படிக்கு அடியிலயும் வாத்த விடு" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "வெண்டைக்கா பிஞ்சா இருக்கு போலயே?" என்றார். முந்தானை நிறையப் பறித்துக் கொடுத்தேன். அதிகம் கொடுத்தால் லஞ்சம் ஆகிவிடுமோ என்று பயந்து நாலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குச் சவரிமுத்து அண்ணன் வாத்துகளைத் திரும்ப ஓட்டிப் போனார். எண்ணிப் பார்த்தார், பதினொன்று. ஒரு கால் நொண்டுகிற ஒன்றை மட்டும் என்னிடமே விட்டார். "இது ஒன் சோத்துக்குப் பழகிருச்சி, எங்க வீட்டுல நிக்காது" என்றார். பண்டிகை அன்று அவர் வீட்டிலிருந்து குழம்பு வந்தது. உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டேன். நொண்டி வாத்து அதற்குப் பிறகு பல வருடம் இருந்தது. நான் கல்யாணமாகிப் போனபோது லெட்சுமி அக்கா அதை வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கு அந்தத் தோட்டம் இல்லை. லயங்கள் போய் மாடிவைத்த வரிசை வீடுகள் வந்துவிட்டன. ஆயாக் கொட்டகை இருந்த இடம் கார் கழுவும் கடை. பால்மாவு டின்னுக்குப் பதில் இப்போது காகிதப் பெட்டி, அதில் வளையம் செய்ய முடியாது. வாத்து வளர்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். காளியம்மா அக்கா இல்லை. டிரசரும் இல்லை. லெட்சுமி அக்கா ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். மல்லிகா அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.

கடையிலிருந்து வந்த அன்று அவளுக்குத்தான் போன் போட்டேன். நீல உருண்டையைப் பற்றிச் சொன்னேன்.

"வாங்கலதான ஆயா? எங்க வீட்டுலயும் நத்தைதான். பப்பாளி எலதான் போட்டு வச்சிருக்கேன். காலையில பொறுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்" என்றாள்.

"பொறுக்கிட்டு?" என்று கேட்டேன்.

"கழுவிட்டேன் ஆயா, கழுவிட்டேன்" என்று சிரித்தாள்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பேருந்து நிற்கும் நேரத்தில் இறங்கி அந்தக் கார் கழுவும் கடையைப் பார்த்தேன். பழைய சிமென்டுத் திட்டை உடைத்துவிட்டார்கள். குழாய் இருந்த இடத்தில் நீளமான ரப்பர் குழாயிலிருந்து ஒரு காரின்மேல் சவுக்கார நுரை வழிந்துகொண்டிருந்தது. பத்து மணிதான் இருக்கும். அந்த நேரத்துக்கு ஓட்டமும் நடையுமாக யாரும் வரவில்லை. முழங்கைவரை நனைந்த கைகளை நீட்டிக்கொண்டு, பிள்ளையைக் கொடு என்று என்னிடம் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.